ஒன்றுமில்லாத பத்து ட்யூப்

பேய், பிசாசு, செய்வினை எதையும் நான் நம்புகிறவன் இல்லை. சுவிஸில், டீட்டிகோனில் எங்கள் சனம் நூல் கட்டப் போகும்போதெல்லாம் பகிடி பண்ணுகிறவன் நான்தான். கோயிலுக்குப் போவதும் அன்னதானச் சமையலுக்கு மட்டும்தான்; லுசேர்ணில் ஹோட்டல் குசினியில் ஏழு வருஷம் நின்ற கை சும்மா இருக்காது. பிறகுதான் படித்து சூரிச்சில் ஒரு ஆய்வுகூடத்தில் லபோரண்ட், அதாவது கூட உதவியாளன், ஆனேன். இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் உங்களில் பிழையில்லை, பாதி நாள் நானே நம்புவதில்லை.

எங்கள் கூடத்தில் ஆரணி என்று ஒரு பிள்ளை டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இங்கேயே பிறந்தவள், ஆனால் எங்கள் தமிழைத் தடக்காமல் கதைப்பாள். அவளுக்காக ஒரு மனிதப் புரதம் வரவழைத்திருந்தோம். மனித உடம்பில் இருந்து எடுப்பதல்ல, மனித ஜீனை பாக்டீரியாவுக்குள் வைத்து வளர்த்துச் செய்வது. ஆர்.என்.ஏ என்கிற இழையைப் பிடித்துக்கொள்வது அதன் வேலை. பிடித்தால், பரிசோதனை முடிவில் எடுக்கிற படத்தில் கோடு மேலே நிற்கும், பிடிக்காவிட்டால் கீழே ஓடிவிடும், அவ்வளவுதான். வந்ததோ ஒரு துளி. திரும்பத் திரும்ப உருக்கினால் கெட்டுப்போகும் என்பதால் முதலிலேயே பத்துச் சின்ன ட்யூப்களில் பிரித்து ஆழ்குளிரில் வைக்க வேண்டும். அது என் பொறுப்பு.

சனிக்கிழமை காலை அதை வெளியே எடுத்து உருக வைத்தேன். அந்த நேரம் பார்த்து மனைவி கோயிலில் இருந்து போன் பண்ணி, "சோறு வடிக்க ஆளில்லையப்பா, உடன வாங்கோ" என்றாள். அப்படியே ஓடினேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அது மேசையிலேயே கிடக்கிறது, உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திரிந்துபோய்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, வெட்கக்கேடு. புரதம் கலந்து வருகிற உப்புத் தண்ணீர் எங்களிடம் போத்தலில் இருந்தது, அதை மட்டும் பத்து ட்யூபிலும் விட்டு, புரதத்தின் பெயரை என் கையால் எழுதி வைத்துவிட்டேன். பரிசோதனை சரிவராது, அனுப்பியவர்கள் தலையில் பழி விழும், புதிதாக ஒன்று வரும் என்று நினைத்தேன்.

நம்பினால் நம்புங்கள், கோடு மேலே நின்றது. ஒரு தரமல்ல, அவள் செய்த ஒவ்வொரு தரமும். "அண்ணை, பிடிச்சிட்டுது!" என்று படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் லீவில் நின்ற ஒரு பகல் நானே ஒரு ட்யூபை எடுத்துச் செய்து பார்த்தேன். கோடு மேலேதான். அதே போத்தலில் இருந்து புதிதாக எடுத்த தண்ணீரையும் பக்கத்தில் வைத்தேன், அது கீழே. ட்யூபுக்குள் புரதம் இருக்கிறதா என்று அளந்தேன், மருந்துக்கும் இல்லை. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

பிறகு அவளுடைய முடிவைப் பார்த்து ஜெனீவாவில் இன்னொரு கூடத்தில் புதுப் புரதம் வாங்கி இதையே செய்து பார்த்தார்கள். பிடிக்கவில்லை. ஆரணி கள்ளப் படம் செய்தாள் என்று கதை பரவியது, பட்டம் நின்றது. படம் உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் நான். சொன்னால் என் வேலை போகும். ஆகவே மூடிக்கொண்டு இருந்தேன்.

சாமான் கட்டிய நாள் அவள் கடைசி ட்யூபைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இதுக்குள்ள ஒண்டுமில்லை அண்ணை. நேற்று அளந்து பாத்தனான். எழுத்து உங்கட."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். ஒண்டு மட்டும் சொல்லுங்கோ, நீங்களும் செய்து பாத்தனீங்களோ? கோடு மேல நிண்டதோ? எனக்கு விசர் பிடிக்குமாப் போல கிடக்கு."

ஒரு "ஓம்" போதும் அவளுக்கு. நான், "இல்லைப் பிள்ளை, நான் செய்து பாக்கேல்லை" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். மனம் கேட்கவில்லை. இன்னொரு தரம் பார்த்துவிட்டு, படத்தோடு போய் உண்மையைச் சொல்லுவோம் என்று அன்று பின்னேரமே அந்தக் கடைசி ட்யூபை வைத்துச் செய்தேன். அதுவரை ஒரு நாளும் இறங்காத கோடு கீழே கிடந்தது. நான் இல்லை என்று சொன்ன பிறகு அதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது.

அவளுடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. இன்னும் போன் பண்ணவில்லை.