கேமராவிடம் பேசிய அத்தை

கேமரா இருக்கும் தெருவில் யாரும் தொலைந்துபோக முடியாது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. திருவனந்தபுரம் ஆரியசாலையில், கீழே வற்றல் மிளகாய் மொத்தக் கடையும் மேலே வீடுமாகக் குடியிருந்தோம். சுற்றுத் தெருக்களில் சில கிட்டங்கிகளின் பூட்டு உடைக்கப்பட்டுச் சரக்கு களவு போனதால், வியாபாரிகள் சேர்ந்து நான்கு கம்பங்கள் நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கேமரா பொருத்தினார்கள். அவை காட்டும் படங்கள் நான்கு கட்டங்களாகத் தெரியும் திரை, எங்கள் கடையின் பின்னறையில் இருந்தது. என் கணவர் தினமும் காலையில் சாமி படங்களைத் துடைத்த கையோடு அந்தத் திரையையும் துடைப்பார். அவருக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை.

மாசியில், ஆற்றுகால் அம்மனுக்குப் பெண்கள் தெருவில் பொங்கலிடும் பொங்காலை நாள் நெருங்கியபோதுதான் பிரச்சினை எழுந்தது. அன்று நகரத்துத் தெருக்கள் முழுவதும் பெண்களுக்கு உரியவை. எங்கெங்கிருந்தோ வந்து, மூன்று செங்கல் வைத்து அடுப்புக் கூட்டி, பகல் முழுவதும் வெயிலிலும் புகையிலும் அமர்ந்திருப்பார்கள். வியர்வையில் நனைந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒருவர் மடியில் ஒருவர் தலை சாய்த்து இருக்கும் நாள் அது. அந்தக் கோலத்தை எவரோ ஓர் அறைக்குள் இருந்து பார்ப்பதா என்று தெருப் பெண்கள் கேட்டார்கள்.

"ராத்திரி கள்ளனப் பிடிக்க வெச்ச சாதனம், பகல்ல நம்மள எதுக்கு நோக்கணும்? ஒரு துணியப் போட்டு மூடுங்க" என்றார் எதிர்வீட்டுப் பெண்மணி.

"சங்கிலி பறிக்கிறவன் அன்னைக்குத்தானே வருவான்? அன்னைக்கு மூடவா இத்தன பாடு?" என்றார் என் கணவர்.

இரு பக்கத்து நியாயமும் எனக்கு நியாயமாகவே பட்டது. அதனால் இரு பக்கத்தாருக்கும் என்மேல் சற்று மனத்தாங்கல். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கேமரா ஓடலாம், ஆனால் அன்று எந்த ஆணும் பின்னறைக்குள் போகக்கூடாது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் திரைக்கு முன்னால் இருப்பாள்.

அந்த ஆண்டுதான் என் அத்தை, கணவரின் அம்மா, பாளையங்கோட்டையிலிருந்து எங்களோடு வந்து தங்கியிருந்தார். மலையாளம் ஒரு சொல்லும் தெரியாது. சர்க்கரை நோய் வேறு. ஆனாலும் பொங்காலை இட வேண்டும், அதுவும் விரதத்தோடு, என்பதில் பிடிவாதமாக இருந்தார். மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்தே போக வேண்டும், ஒன்றை விட்டால் மற்றதையும் விட வேண்டும் என்று எத்தனையோ முறை சொல்லியிருந்தேன். அன்று காலை நான் அடுப்புக்குக் காய்ந்த தென்னம்பாளைக் கொதும்பு அடுக்கிக்கொண்டிருந்தபோது, வழக்கமான மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பாட்டை மட்டும் விட்டிருந்தார். நான் பதறியதைக் கண்டு, "மாத்திர உள்ள போயாச்சுல்லா? அதுவும் ஒரு ஆகாரந்தானட்டி" என்று சிரித்தார். எவ்வளவு கெஞ்சியும் ஒரு வாய் சாப்பிடவில்லை.

என் கணவர் அவருக்கு ஒரே ஓர் அறிவுரைதான் சொன்னார். எங்கள் வாசலுக்கு அருகே நின்ற கம்பத்தைக் காட்டி, "அம்மா, எங்க போனாலும் இந்தக் கேமராக் கம்பத்தப் பாத்து வந்துருங்க. அதுக்குக் கீழ நின்னா நாங்க பாத்துருவோம்" என்றார்.

கோயிலில் மூட்டிய தீ, அடுப்பிலிருந்து அடுப்புக்குக் கைமாறி, தெருத்தெருவாக நடந்து எங்கள் வாசலுக்கும் வந்தது. ஒருத்தி தன் அடுப்பிலிருந்து கொள்ளியை நீட்ட, அடுத்தவள் வாங்கிக்கொள்வாள். அவர்கள் ஒருவரை ஒருவர் முன்பின் அறியாதவர்களாக இருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தெரு புகைக்குள் மறைந்துவிட்டது. எங்கள் வீட்டுக் குளியலறையை வந்தவர்களுக்கெல்லாம் திறந்துவிட்டிருந்ததால் மாடிப்படி வரை பெண்கள் வரிசை. அந்த வரிசையில் நிற்கப் பொறுமையில்லாமல், "பக்கத்துத் தெருவுல நம்ம ஊர்க்காரி வீட்டுக்குப் போயிட்டு வாரேன், என் பானையப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அத்தை போனார். மூட்டிய அடுப்பை ஆளில்லாமல் விடக்கூடாது என்பதால் நான் துணைக்குப் போகவில்லை.

அவருடைய பானை பொங்கி வழிந்தது. சுற்றியிருந்தவர்கள் குரவையிட்டார்கள். அத்தை வரவில்லை. வெறும் வயிற்றில் போன மாத்திரை நினைவுக்கு வந்தது. வாசற்படியில் ஏறி நின்று உள்ளே குரல் கொடுத்தேன். மகள் பின்னறையிலிருந்தே பதில் சொன்னாள்: "அம்மே, ஒண்ணும் காணல. நாலு கட்டத்திலயும் வெறும் புகதான்!"

ஊர்க்காரி வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியதில், அத்தை எப்போதோ அங்கிருந்து கிளம்பிவிட்டார் என்று தெரிந்தது. ஆண்களோ அந்தக் கூட்டத்துக்குள் நுழைய வழியில்லாமல் தெருமுனையில் மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து அடுப்பில் கொல்லத்திலிருந்து வந்த ஒரு பெண். காலையிலிருந்து எங்களுக்குள் ஒரு புன்னகைக்கு மேல் பழக்கமில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்தா சேச்சி?" என்றாள். சொன்னேன். இரண்டு மூக்கிலும் மூக்குத்தி போட்ட அம்மா, நீலச் சேலை, தமிழ் மட்டும்தான் தெரியும், சர்க்கரை உண்டு, எதுவும் சாப்பிடவில்லை. அவள் எழுந்திருக்கவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடியே திரும்பி, அந்தப் பக்கத்து அடுப்புக்காரியிடம் சொன்னாள். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். யாரும் தன் அடுப்பை விட்டு அசையவில்லை. தலைகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. தீ வந்த அதே வழியில் என் அத்தையைப் பற்றிய செய்தி புகைக்குள் போய் மறைவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றும் கண்ணை மூடினால் அந்தத் தலைகள் திரும்புகின்றன.

அடியில் பிடித்துவிடாமல் இரண்டு பானைகளையும் ஒரு முறை கிண்டியிருப்பேன். பதில் அதே வழியில், தலை தலையாகத் திரும்பி வந்தது. கொல்லத்துப் பெண் முகம் மலர, "கிட்டி சேச்சி! கேமரயுடெ தாழெ உண்டு!" என்றாள்.

கிடைத்துவிட்டார், கேமராவுக்குக் கீழே! நான் எங்கள் கம்பத்தடியைப் பார்த்தேன். அங்கே யாருமில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான்கு கம்பங்களும் ஒரே அச்சில் வார்த்தவை. அத்தை தன் மகன் சொன்னதைச் சொன்னபடியே செய்திருக்கிறார். என்ன, வேறொரு தெருவின் கம்பத்தடியில்.

இரண்டு பானைகளையும் கொல்லத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, செய்தி வந்த வழியே நடந்தேன். வழி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் பெண்கள் சேலையை ஒதுக்கி இடம் விட்டு, கரண்டியால் திசை காட்டினார்கள். மூன்றாவது கம்பத்தின் கீழே, ஒரு பெண்ணின் தோளில் சாய்ந்தபடி, வாயில் ஒரு வெல்லக்கட்டியை அதக்கிக்கொண்டு என் அத்தை உட்கார்ந்திருந்தார்.

"பயப்படண்டா அக்கா, இப்பக் கொழப்பம் ஒண்ணுமில்ல" என்றாள் அந்தப் பெண். பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவள். தோட்டத்து லயக் குடியிருப்புப் பெண்களோடு பஸ் பிடித்து வந்திருந்தாள். நடந்ததை அவள்தான் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள். அத்தை அந்தக் கம்பத்தடியில் நின்று, கேமராவை நிமிர்ந்து பார்த்து, "ஏலே, ஒனக்குத் தெரியுதுல்லா? இங்கனதான் நிக்கேன். வந்து கூட்டிட்டுப் போ" என்று உரக்கப் பேசிக்கொண்டிருந்தாராம். அங்கே ஏதோ சந்நிதி இருப்பதாக நினைத்து அருகில் இருந்த ஒரு பெண் கும்பிடவும் செய்தாளாம். பேச்சு குழறி, நெற்றியில் வியர்வை வழியத் தொடங்கியதும் இவள் கைப்பிடித்து உட்கார வைத்திருக்கிறாள். தான் பொங்கலுக்கு வைத்திருந்த வெல்லத்தை உடைத்து வாயில் வைக்கப் போனால், நைவேத்தியம் ஆகாமல் வாய் திறக்க மாட்டேன் என்று அத்தையின் பிடிவாதம்.

"அப்ப நான் கேட்டேன் அக்கா: தேவி அம்மதானே? பெத்தவ, பிள்ள பட்டினி கெடந்து மயங்கட்டும்னு பறயுமா? அதுக்கப்புறந்தான் வாயத் தொறந்தாங்க" என்றாள்.

அத்தை வெல்லத்தை விழுங்கிவிட்டு, "நல்ல வெல்லம்ட்டி. எங்க வாங்குனான்னு கேளு" என்றார். அழுகையும் சிரிப்பும் எனக்கு ஒன்றாக வந்தன.

பூசாரி வந்து பானைகளில் தீர்த்தம் தெளித்து முடித்ததும், இடுப்பில் பானையோடு அந்தப் பெண்ணும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் பானைகள் இரண்டும் அடிபிடிக்காமல் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. அன்று மாலை கடையின் பின்னறையில் எல்லோரும் கூடிப் பதிவை ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது கட்டத்தில், காற்று புகையை விலக்கிய சில நொடிகளில், அத்தையின் முகம் முழுசாகத் தெரிந்தது. விரலை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். சத்தம் மட்டும் இல்லை. அந்த நொடிகளில் மகள் எங்கள் தெருவின் கட்டத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நல்லாருக்குலே ஒன் கேமரா! தொண்டத் தண்ணி வத்தக் கத்துதேன், ஒனக்குக் கேக்கலையா?"

"அம்மா, அதுக்குப் பாக்க மட்டுந்தான் முடியும். கேக்காது."

"காதில்லாததயா எங்களுக்குக் காவலுக்கு வச்சிருக்க?"

பின்னறையே அதிர்ந்து சிரித்தது. என் கணவரும்தான். பிறகு அத்தை, "இன்னொரு தடவ போடு, சேல எடுப்பாத்தான் இருக்கு" என்றார்.

மறு ஆண்டு நான்கு கம்பங்களுக்கும் நான்கு நிறம் பூசப்பட்டது. எங்களுடையது மஞ்சள். மூடலாமா வேண்டாமா என்ற வழக்கு மீண்டும் எழுந்தபோது, அத்தை கேமராவின் கட்சிக்குப் போயிருந்தார்: "மூடாண்டாம். என் மூஞ்சி அதுல நல்லா விழுது."

அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. நகரமெங்கும் கேமராக்கள் பெருகிவிட்டன. காவலுக்கா, வேவுக்கா என்று நாளிதழ்களில் அறிஞர்கள் எழுதுகிறார்கள். நான் இரு பக்கத்தையும் படிக்கிறேன். இப்போதும் இரண்டும் நியாயமாகவே படுகின்றன. ஆனால் பொங்காலை அன்று அடுப்பு மூட்டும் முன், இருபுறமும் இருக்கும் பெண்களின் முகத்தை நன்றாகப் பார்த்து, எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்கிறேன். அத்தையின் முகம் விழுந்த பதிவு சில வாரங்களிலேயே அழிந்துபோயிற்று. அத்தையும் சில ஆண்டுகளுக்குப் பின் நிறைவாகப் போய்ச் சேர்ந்தார். பொன்முடிப் பெண் மட்டும் ஆண்டு தவறாமல் முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறாள், முந்தானையில் வெல்லம் முடிந்துகொண்டு. மஞ்சள் கம்பத்தின் கீழே எங்கள் இரண்டு அடுப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.