வண்டி காதில் விழாமல்

புதுக் கார் வாங்க வருகிறவர் முகத்தில் இருக்கிற சிரிப்பை, கார் வாசல் தாண்டுவதற்குள் ஒருமுறையாவது அணைத்துப் பார்க்கச் சம்பளம் கொடுக்கிற இடத்துக்குத்தான் இன்சூரன்ஸ் மேசை என்று பெயர்.

எங்கள் மேசை மதுரை பைபாஸ் ரோட்டு ஷோரூம் ஒன்றில், காபி மெஷினுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்த கையோடு நான் இங்கே வந்து உட்கார்ந்தேன். காலேஜ் தபால் வழியாக நடக்கிறது. உருப்படியாக எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, அடுத்தவர் குரலில் பேசுவது. வேலைக்கு எடுக்கும்போது மேனேஜர் கட்டைக் குரலில், "உனக்கு என்னம்மா தெரியும்?" என்று கேட்டார். அதே கட்டைக் குரலில், "உனக்கு என்னம்மா தெரியும்?" என்று திருப்பிக் கேட்டுக் காட்டினேன். சிரிக்கக் கூடாது என்று வெகுநேரம் முயற்சி பண்ணிவிட்டு, அப்புறம் வேலை கொடுத்தார்.

நான் விற்பது ஒரு கூடுதல் காப்பீடு. கார் வாசலைத் தாண்டியதுமே அதன் மதிப்பு இறங்க ஆரம்பித்துவிடும். வண்டி திருடு போனாலோ, சரிபண்ணவே முடியாதபடி நொறுங்கினாலோ, சாதா பாலிசியில் அன்றைய மதிப்புதான் கைக்கு வரும். நீங்கள் வாங்கிய விலை வராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழும். பேங்க் கடன் அந்தப் பள்ளத்துக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். அதை மூடத்தான் இந்தக் கூடுதல் காப்பீடு. பில்லில் உள்ள விலையே திரும்ப வரும். எங்களுக்குள் இதன் செல்லப் பெயர் 'பள்ளம் மூடி'. பாலிசி போடும்போதே சேர்க்க வேண்டும், வண்டி போன பிறகு வந்து அழுதால் சேர்க்க மாட்டார்கள்.

இதை விற்பது லேசா? போனை எடுத்து, பின்னால் பஸ் கண்டக்டர் "பெரியார், பெரியார்" என்று கூவக் கூவ, "மீட்டிங்ல இருக்கேம்மா" என்பவர்களிடம் பேசிப் பழகிய என் இனத்தாரே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

எலுமிச்சம்பழம்

எங்கள் மேசைக்குத் தலைவர் பாண்டி அண்ணே. நல்ல மனிதர். ஒரே ஒரு பலவீனம், புது வண்டி முன்னால் நின்று கெட்ட வார்த்தை சொல்ல மாட்டார். கெட்ட வார்த்தை என்றால் நீங்கள் நினைப்பது இல்லை. திருட்டு, விபத்து, நொறுங்கல், இவைதான். அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு உள்ளங்கையை அப்படியே குப்புறக் கவிழ்த்துக் காட்டுவார். வாடிக்கையாளர் அவர் புரோட்டா திருப்புகிறார் என்று நினைத்துப் பசியோடு வீட்டுக்குப் போய்விடுவார்.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் நான் துணிந்து இறங்கினேன். ஆள், சமயநல்லூரில் வாழைத்தார் மண்டி வைத்திருக்கிற ஓர் அண்ணே. வண்டிக்கு மாலை போட்டாயிற்று, சூடம் காட்டத் தட்டு தயார், குடும்பமே செல்பிக்கு நிற்கிறது. நான் போய், "அண்ணே, நாளைக்கே இந்த வண்டி அப்பளமா நொறுங்கிருச்சுன்னா..." என்று கணீரென்று ஆரம்பித்தேன். அவர் திட்டவில்லை. சக்கரத்துக்கு வைக்க இருந்த எலுமிச்சம்பழங்களில் ஒன்றை எடுத்து என் முன்னால் நீட்டினார். கடித்துத் துப்பச் சொன்னார். கடித்தேன். தாடை இரண்டும் கூசிப்போய் அன்று சாயங்காலம் வரைக்கும் யார் குரலும் வரவில்லை, என் குரல் உட்பட. அந்த அண்ணே சொன்னது மட்டும் இன்னும் காதில் நிற்கிறது: "ஏத்தா, எங்க வீட்டு வாசலையே வண்டி இன்னும் பாக்கல, அதுக்குள்ள அதுக்குக் கருமாதி வைக்கிறியே!"

ஏழு பேர் மாநாடு

நூல் வியாபாரம் செய்யும் சாந்தாராம் அண்ணே, சௌராஷ்டிரக்காரர், குடும்பத்தில் ஏழு பேரோடு வந்தார். நான் பள்ளத்தை விளக்கி முடித்ததும் ஏழு பேரும் அவர்கள் பாஷைக்கு மாறினார்கள். பட்டறையில் ஏழு தறி ஒன்றாக ஓடின மாதிரி இருந்தது. எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் ராகம் பிடிபட்டுவிட்டது. அவர்கள் மூச்சு விட்ட இடைவெளியில், அர்த்தமே இல்லாமல் அதே ராகத்தில் நானும் ஒரு வரி எடுத்து விட்டேன். ஏழு பேரும் திரும்பிப் பார்த்து ஓவென்று சிரித்தார்கள். அண்ணி பையிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுத்தார். நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன், அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

முறுக்குத் தின்ற வாய் பொய் பேசவில்லை. சாந்தாராம் அண்ணனிடம் விசாரித்தேன். கடன் இல்லை, முழுப் பணம். வீட்டுக்குள்ளேயே ஷட்டர் போட்ட கொட்டகை. ஊரில் இருக்கிற நாளெல்லாம் ஸ்கூட்டர்தான், கார் கல்யாணம் காட்சிக்கு மட்டும். ஏதாவது ஆகி அந்தப் பள்ளம் விழுந்தாலும் உங்களால் தாண்டிவிட முடியும் அண்ணே, அவ்வளவு பயப்பட வேண்டாம் என்றேன். மேசைக்கு அடியில் பாண்டி அண்ணனின் செருப்பு என் கால் கட்டைவிரலைத் தேடி மிதித்தது. சாந்தாராம் அண்ணே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "வேணாம்னு சொல்ற மேசைய இன்னைக்குத்தான் பாக்குறேன். என் மச்சினன் கார் வாங்கப் போறான், அவனை இங்கயே கூட்டியாரேன்."

ஆஜர், டீச்சர்

அடுத்து சொல்லப் போவதுதான் முக்கியம். அன்று மத்தியானம் கூட்டம் இல்லை. உதிரி அலங்காரப் பிரிவில் இருக்கிற பையனை இன்டர்காமில் கூப்பிட்டு, என் பிளஸ் டூ வகுப்பு டீச்சர் ஜெபராணி குரலில் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தேன். "லாஸ்ட் பெஞ்ச்! அந்த வாய்க்கு ஸ்டாம்ப் ஒட்டவா? என்ன சத்தம் அங்க?" பையன் பயந்துபோய், "சாரி மேடம்" என்றான். எனக்கு ஒரே குஷி. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ முறை இந்தக் குரலை வைத்து மதியச் சாப்பாட்டு நேரத்தை முன்கூட்டியே முடித்து வைத்திருக்கிறேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், காபி மெஷின் பக்கத்தில் ஜெபராணி டீச்சர். அதே வெளிர்நீலச் சேலை, அதே குடை. பக்கத்தில் வீட்டுக்காரர் அருள்ராஜ் சார், கையில் கார் படம் போட்ட புத்தகத்தைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு. நான் எழுந்து நின்றேன். வேறு என்ன செய்ய முடியும்? டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார், மார்க் போடுகிற பார்வை. "எல்லாம் சரி. ஆனா நான் இவ்வளவு மூக்கால பேச மாட்டேன்."

ஆண்டவரும் பேங்க்கும்

அருள்ராஜ் சார் ஓய்வு பெற்ற பிறகுதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். கார் அவருடைய ஆசை. கடன் டீச்சர் பேரில். கையிலிருந்து போட்டது கொஞ்சம், மீதியெல்லாம் பேங்க். திருநகரில் வாடகை வீடு, கேட்டுக்குள் கார் நுழையாது, தெருமுனை வாகைமரத்தடிதான் அதற்கு இடம். டீச்சருக்கும் ஓய்வு நெருங்குகிறது. செல்லப் பெயர் உட்பட எல்லாவற்றையும் விளக்கி முடித்தேன். "இந்தப் பள்ளம் மூடி எனக்குத் தேவையா, தேவையில்லையா? ஒரு வரியில் விடையளி" என்றார் டீச்சர். "தேவை டீச்சர். கார் போயிருச்சுன்னா, அதுக்கப்புறமும் நீங்க தவணை கட்டிக்கிட்டே இருக்கணும்" என்றேன், எலுமிச்சம்பழம் எதுவும் அருகில் இல்லை என்று பார்த்துக்கொண்டு. சின்னக் கீறலுக்கெல்லாம் இது உதவாது என்பதையும் சொன்னேன்.

சாருக்கு முகம் தொங்கிவிட்டது. மிச்சமிருக்கிற காசில் அவர் பளபளவென்று நான்கு அலாய் வீல் மாட்டுவதாக இருந்தார். "காரைக் கொடுத்த ஆண்டவருக்குக் காப்பாத்தவும் தெரியும் ஜெபா" என்றார். "ஆண்டவர் காப்பார். பேங்க் மேனேஜர் காப்பாரா?" என்றார் டீச்சர். சார் புத்தகத்தில் இருந்த வீல் படத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அரை மார்க்குக்காகக் கலெக்டர் மகளையே அழவிட்டவர் எங்கள் டீச்சர். அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சரி, ஓட்டப் போறது நீங்க. வீலா இதுவான்னு சனிக்கிழமை நீங்களே வந்து சொல்லிருங்க."

டீக்கடையில் நான்கு பேர்

சனிக்கிழமை சார் தனியாக வந்தார். சிவப்புத் துணி போர்த்தி அவர் கார் தயாராக நின்றது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எடுத்துப் போக ஏற்பாடு. பாலிசிக்கு அன்று சாயங்காலம் கடைசி. "வீலே மாட்டிருங்க" என்றார். பாண்டி அண்ணே கையைக் கவிழ்த்துப் பார்த்தார், பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார், சாருக்கு எதுவும் விளங்கவில்லை. "சார், ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடிப்போமா? இங்க வேணாம், வண்டி காதுல விழும்" என்றேன்.

டீக்கடை பெஞ்சில் வைத்து நாடகத்தை ஆரம்பித்தேன். கார் காணாமல் போன மறுநாள். முதலில் ஸ்டேஷன் ஏட்டு, கொட்டாவியோடு: "சாவி உங்ககிட்டதான இருக்கு? பிறகு வண்டி எப்படிய்யா போகும்?" அப்புறம் எதிர்வீட்டுக்காரர்: "நேத்தே நெனச்சேன் சார், ரெண்டு பயலுக உங்க வீலையே பாத்துக்கிட்டு நின்னாய்ங்க." அப்புறம் பேங்க்கின் பதிவுக் குரல்: "உங்கள் தவணை நாள் நெருங்குகிறது. ஏற்கெனவே செலுத்தியிருந்தால் மகிழ்ச்சி." சார் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "எங்க வீட்டம்மா? அவ என்ன சொல்வா, அதைச் செய் பாப்போம்!" என்றார் சார்.

லாஸ்ட் பெஞ்ச் குரலுக்குத்தான் தொண்டையைச் செருமினேன். வந்தது வேறு. காலாண்டுப் பரீட்சையில் நான் கோட்டைவிட்ட அன்று, எல்லாரும் போன பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசினாரே, அந்தக் குரல். "பரவாயில்லங்க. வண்டிதான போச்சு. தவணைய நான் பாத்துக்குறேன். நீங்க மொதல்ல சாப்பிடுங்க." சிரிப்பு நின்றுவிட்டது. சார் கண்ணாடி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு எதிரே ஷோரூம் கண்ணாடிக்குள் இருந்த சிவப்புத் துணியைப் பார்த்தார். டீ ஆடை கட்டுகிற வரைக்கும் பார்த்தார். "அப்படியேதான் சொல்வா" என்றார். பிறகு எழுந்தார். "நீ போய் பாலிசியப் போடு. வீலு வேணாம்னு நான் சொல்லிட்டு வாரேன்."

ஐயாவின் ஜெபம்

ஞாயிற்றுக்கிழமை சபைப் போதகர் ஐயாவும் வந்திருந்தார். புது வண்டியைச் சுற்றி எல்லாரும் தலைகுனிந்து நின்றோம். ஐயா பானெட்டின் மேல் கை வைத்து, மைக்கே தேவைப்படாத குரலில் ஆரம்பித்தார். "ஆண்டவரே, இந்த வாகனத்தைத் திருடர் கைக்கும், விபத்துக்கும், அக்கினிக்கும், வெள்ளத்துக்கும், சகல நாசமோசங்களுக்கும் விலக்கிக் காத்தருளும்!" பாண்டி அண்ணே இத்தனை வருடமாகக் கட்டிக் காத்த அத்தனை வார்த்தைகளும் ஒரே மூச்சில், அதுவும் வண்டி நெற்றியிலேயே. அண்ணே ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு படி பின்னால் போய்க் கடைசியில் காபி மெஷினில் முட்டிக்கொண்டு நின்றார்.

ஆமென் சொல்லிக் கண் திறந்தால், முன்சக்கரத்துக்கு அடியில் எப்படியோ ஓர் எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது. ஐயா அதைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். டீச்சர், "இருந்துட்டுப் போகட்டும் ஐயா, ஒரு சந்துகூட விடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். பாண்டி அண்ணே என் காதருகில் வந்து கேட்டது இது: "ஏ பிள்ள, நான் வாழ்நாள்ல சொல்லாததெல்லாம் சொல்லிட்டாரு, யாரும் கோவப்படல. ஐயாவ நம்ம மேசைக்கு வேலைக்கு எடுத்துருவமா?"

மறுமதிப்பீடு

அருள்ராஜ் சார் வந்திருந்த எல்லாரிடமும், "வீலு என்ன வீலு, பாதுகாப்புதான முக்கியம்? நான்தான் ஒத்தக்கால்ல நின்னு இந்தப் பாலிசியப் போட வச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்து முதல் முறையே ஹாரனை அழுத்திவிட்டு அவரே பயந்தார். டீச்சர் முன்சீட்டில் ஏறப் போனவர், ஒரு காலை வெளியே வைத்தபடி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இது அவர் யோசனை இல்ல. எனக்குத் தெரியும். யார் குரல்ல பேசின?" உங்கள் குரலில்தான் டீச்சர் என்றேன். இந்த வாய்க்கு இன்றைக்காவது ஸ்டாம்ப் ஒட்டிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சார் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சார் பின்னால் பார்க்கிற கண்ணாடியைத் திருகித் திருகி டீச்சர் முகம் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலை இறக்கிக் கேட்டார்: "மூக்கால பேசாம இருந்தியா?"

இந்த மேசையில் நான் படித்தது இவ்வளவுதான்: புது வண்டி முன்னால் வாயைத் திறந்தால் எலுமிச்சம்பழம், திறக்காவிட்டால் பள்ளம், இரண்டுக்கும் நடுவில் பிழைத்துக் கிடக்க ஒருத்திக்குச் சொந்தக் குரல் ஒன்று மட்டும் பத்தவே பத்தாது.