பேர் சொல்லிக் கூப்பிடாத டாக்டர்

போன வருடம் ஆடி மாதம், நான் வேலை பார்க்கும் திருச்சி தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டருக்கு ரோபோ வந்து இறங்கியது.

அதுவரை எங்கள் சீனியர் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் நான்தான். அவர் வாயே திறக்க மாட்டார். கையை நீட்டுவார், கத்தரியா, கிளாம்ப்பா என்று எனக்குத் தெரிந்துவிடும். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறும்போதே அந்தப் பெருமையோடுதான் ஏறுவேன்.

ரோபோவுக்கான பயிற்சிக்கு, காட்டூரில் இருந்து வரும் ஜூனியர் நர்ஸ் பெண்ணை அனுப்பினார்கள். அங்கே ஆரம்பித்தது என் வயிற்றெரிச்சல். டாக்டர் இப்போது மூலையில், ரோபோவை இயக்கும் ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்துவிடுவார். நோயாளியின் பக்கத்தில் ரோபோவின் கைகளும், உதவி டாக்டரும், அவளும். அவரால் எங்களைப் பார்க்க முடியாது என்பதால், எது வேண்டுமானாலும் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும். அவளும் கேட்டதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரே ஆபரேஷனில் அவள் பேர் எத்தனை முறை! கூடவே “தேங்க்ஸ்மா” வேறு. இத்தனை வருடத்தில் என் பேரை ஒரு தடவையாவது சொல்லியிருப்பாரா? அவசரத்துக்கு என்று வைத்திருக்கும் பழைய கருவிகளோடு பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். வார்டுக்கு மாற்றச் சொல்லி மேட்ரனிடம் கேட்டும் வைத்தேன்.

ஒருநாள் முசிறியில் இருந்து வந்த வாழை விவசாயி ஒருவருக்குச் சிறுநீரகத்தில் கட்டி. ஆபரேஷன் பாதியில் ரத்தம் பீறிட்டது. டாக்டர் அவள் பேரைச் சொல்லி, “ஓப்பன் பண்ணிடலாம்” என்றார். அவள் திருப்பிச் சொல்லிக்கொண்டே ரோபோவைக் கழற்றித் தள்ளினாள். துளித் தடுமாற்றம் இல்லை. அதைப் பார்த்தும் எனக்கு எரிந்தது. உதவி டாக்டர் வயிற்றைத் திறப்பதற்குள் சீனியர் டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு வந்து, என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். கிளாம்ப்பை வைத்தேன். மறுபடி நீட்டினார். வைத்தேன். ரத்தம் நின்றது, மனிதர் பிழைத்தார்.

கை கழுவும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்: “சார் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலக்கா. நீங்களா குடுத்தீங்க. பாத்து எனக்கு வயிறு எரிஞ்சுது. என்னை மட்டும் எல்லாத்துக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்றாரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்து ஒருவர் இலையை ஒருவர் எட்டிப் பார்த்திருக்கிறோம். அன்றே மேட்ரனிடம் வார்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. இன்றும் டாக்டர் அவளைக் கூப்பிடும்போது சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் என்னைப் பார்த்து அவளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தபிறகு, அவள் பக்கத்தில் நிற்பது எனக்குக் கஷ்டமாக இல்லை.