உதட்டில் தொட்ட கரண்டி

எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் அக்கா என்றால் ஒருத்திதான். நான் அங்கே சமையல்காரி. எனக்கும் அவள் அக்கா, பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற தாய்மார்களுக்கும் அக்கா. பக்கத்துத் துணி ஆலைக்குப் போகிற பெண்கள் விடிந்ததும் கைக்குழந்தைகளை அவள் மடியில் போட்டுவிட்டு ஓடுவார்கள். அவளுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. அதற்காக யாராவது "ஐயோ பாவம்" என்று இழுத்தால், "ஒரு நாள் இங்க வந்து பீத்துணி அலசு, அப்புறம் பாவம் பாரு" என்பாள். வாய்த்துடுக்கில் என்னையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள்.

அவளிடம் ஒரு பழக்கம். கஞ்சி ஊட்டும்போது ஒவ்வொரு கரண்டியையும் ஊதி, தன் கீழுதட்டில் தொட்டுப் பார்த்து, பிறகுதான் பிள்ளை வாயில் வைப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இன்னொருத்தி ஊட்டிய கஞ்சியின் சூட்டில் ஒரு குழந்தையின் நாக்கு வெந்துபோனதைப் பார்த்தவள். "கையி பொய் சொல்லும்டி, உதடு சொல்லாது" என்பாள். அவளிடம் வளர்ந்த ஒரு பிள்ளைக்கும் வாய் வெந்ததில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்கு மூக்கு ஒழுகியது. "அக்கா, ரெண்டு நாள் வீட்ல இரேன்" என்றேன்.

"மூக்கொழுகினதுக்கு லீவு போட்டா ஆலைக்காரிங்க என்னை உண்டு இல்லன்னு பண்ணிடுவாளுங்க. நீ போய்க் கஞ்சியக் கிண்டு."

மாஸ்க் கொடுத்தேன். போட்டுக்கொண்டாள். ஊட்டுகிற நேரத்தில் கழற்றிவிட்டாள். உதட்டில் தொடாமல் அவளுக்கு ஊட்ட வராது.

இருந்ததிலேயே சின்னவன் முயல்குட்டி. குறைமாதத்தில் பிறந்தவன். உடம்பு இத்துனூண்டு, காது மட்டும் பெரிது, அதனால் அந்தப் பெயர். அவன் அம்மா ஆலையில் பெட்டி கட்டுகிறவள், அப்பா வெளியூரில். அவன் முதன்முதலில் குப்புறக் கவிழ்ந்தது அக்காவின் பாயில்தான்.

அக்காவுக்குச் சளி தேறிவரும்போது அவனுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. பிறகு இருமல். அக்கா தன் கன்னத்தை அவன் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். "சூடே இல்ல. வெறும் சளிதான்" என்றாள். காய்ச்சல் இல்லையென்றால் நோயும் இல்லை என்பது அங்கே எல்லோருடைய கணக்கும்.

மறுநாள் மத்தியானம் அவன் கரண்டியைத் தள்ளினான். பால் புட்டியைக் கொஞ்சம் சப்பிவிட்டு ஒதுக்கினான். அழக்கூட இல்லை. அக்கா அவன் சட்டையைத் தூக்கினாள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தது. வயிறு தூக்கித் தூக்கிப் போட்டது. நான் கஞ்சிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றேன்.

"ஏண்டி மரமாட்டம் நிக்குற? மத்ததுங்களப் பாத்துக்க! இவங்கம்மாவ ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு!" செருப்புக்கூடப் போடாமல் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அங்கே நடந்ததை அக்காவே பிறகு சொன்னாள். ஆக்ஸிஜன் வைத்தார்கள், சளியை உறிஞ்சி எடுத்தார்கள். டாக்டரம்மா சொன்னாராம்: "இது வைரஸ். பெரியவங்களுக்கு வெறும் ஜலதோஷமாப் போயிடும், இவ்வளவு சின்னக் குழந்தைக்கு நெஞ்சில இறங்கிடும். நெத்தியத் தொட்டுப் பாத்தா மட்டும் போதாதும்மா. மூச்சப் பாருங்க, பால் குடிக்குதான்னு பாருங்க. இதை நேரா ஒழிக்கிற மருந்து எங்ககிட்ட இல்ல. மூச்சுக்கு முட்டுக் கொடுத்துத் தாண்ட வைக்கணும்." பிறகு கேட்டாராம்: "பாத்துக்கிறவங்க யாருக்காவது சளி இருந்துதா?"

முயல்குட்டியின் அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அக்கா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மழைக்காலத்தில் ஊரே இருமுகிறது, யார் கண்டது?

"எனக்குத்தான்" என்றாள் அக்கா. "என் உதட்டுல பட்ட கரண்டியாலதான் ஊட்டினேன்."

"வெளிய போங்க" என்றாள் அவன் அம்மா. அக்கா படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். பிள்ளை கண்டம் தாண்டிவிட்டான் என்று நர்ஸ் வந்து சொல்கிறவரை எழுந்திருக்கவில்லை.

பிழைத்தான், மகராசன். ஆனால் அதற்குப் பிறகு அவன் அம்மா அவனை எங்களிடம் விடவில்லை. அக்கா ஆளே மாறிப்போனாள். பிள்ளைக்கொரு கரண்டி, தன் உதட்டுக்குத் தனியாக இன்னொன்று. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரையும் தூக்க விடமாட்டாள். தும்மினதற்கு என்னையே வீட்டுக்குத் துரத்தினாள். காலையில் வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் சட்டையைத் தூக்கி மூச்சைப் பார்ப்பாள். சிரிப்புதான் போயே போய்விட்டது. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் காலையில் அக்காவுக்குத் தொண்டை கரகரத்தது. உள்ளே வராமல், சாவியை வாசல் கம்பியில் மாட்டிவிட்டு, தெருவிலேயே தள்ளி நின்று எனக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது முயல்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் அம்மா வந்தாள்.

"அக்கா, வேற யார் ஊட்டினாலும் திங்க மாட்டேங்குறான். மறுபடி உங்ககிட்டயே விடறேன்."

இந்த வார்த்தைக்காக அக்கா எப்படி ஏங்கிக் கிடந்தாள் என்று எனக்குத் தெரியும். அவளைக் கண்டதும் அவன் இரண்டு கையையும் நீட்டி எம்பினான். அக்கா பின்வாங்கினாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கிட்ட வராதம்மா. எனக்குத் தொண்டை சரியில்ல. அவகிட்டக் குடு."

அவன் வீறிட்டான்.

"அழறான்க்கா" என்றாள் அந்தப் பெண்.

"அழட்டும்மா. அழறதுக்கு மூச்சு இருக்குல்ல" என்றாள் அக்கா. அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. முகத்தைத் துடைக்காமல் திரும்பி வீட்டுக்கு நடந்தாள். அலறுகிற பிள்ளையை நான் வாங்கிக்கொண்டேன்.