காதில் பஞ்சு

இது நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது என்றுதான் அம்மா இன்றும் சொல்கிறாள். அது தவறு. இரண்டாம் வகுப்பு ஆவணியில் எனக்குத் திருச்செந்தூரில் மொட்டை போட்டார்கள். அந்தத் தை மாதத்தில் என் தலையில் காதை மறைக்கும் அளவுக்கு முடி இருந்திருக்க முடியாது. இந்தச் சம்பவத்தில் முடிக்கு வேலை இருக்கிறது. ஆகவே மூன்றாம் வகுப்பு, பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

திருநெல்வேலியில் குளிரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். முன்பனிக் காலம் மார்கழியில் தொடங்குவதாக இலக்கண நூல்கள் சொல்கின்றன. அம்மாவின் கணக்கில் அது திருக்கார்த்திகைக்கு மறுநாளே தொடங்கி, சிவராத்திரி வரை நீடிக்கும். அந்த மாதங்களில் வெயில் ஏறும் முன் வாசல் தாண்டுகிற பிள்ளையின் மண்டைக்குள் பனி இறங்கிவிடும். இறங்கும் வழி காது. இதில் அவளுக்கு ஐயமே கிடையாது.

மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, இதில் நம்பிக்கை இல்லை. அடுத்த தெருவில் குடியிருந்தார்; மருந்துக் கடையில் வேலை. படிக்கும் காலத்தில் ஓட்டக்காரராக இருந்தவர். தினமும் கடைக்குப் போகுமுன், ஆற்றுப் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் தெருப்பிள்ளைகளைச் சேர்த்து ஓடப் பழக்குவார். காசு வாங்குவதில்லை. அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: ஆளுக்கொரு மாற்றுச் சட்டை கொண்டுவர வேண்டும்.

திருக்கார்த்திகை முடிந்ததும் எங்கள் வீட்டில் சண்டை தொடங்கியது.

“ஏலே, உங்க கடையில சளி மருந்து விக்கலன்னு பிள்ளைகளப் பனியில விடுதியா?”

“எக்கா, இது என்ன இமயமலையா? பைய நடந்து, பொறவு ஓடுனா உடம்பு தானா சூடாயிரும். வேர்த்த சட்டையோட காத்துல நிக்கதுதான் கெடுதல். அதுக்குத்தானே மாத்துச் சட்டை.”

“நெஞ்சுல சளி கட்டிட்டுன்னா யாருலே பாப்பா?”

“நான் பாக்கேன்.”

“நீ பாத்த!”

மாமா சொன்னதை வளர்ந்த பிறகு பல புத்தகங்களில் கிட்டத்தட்ட அதே சொற்களில் படித்தேன். அன்று எங்கள் வீட்டில் புத்தகங்களின் சாட்சி எடுபடவில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. நான் ஓடலாம், ஆனால் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டுதான் வாசல் தாண்ட வேண்டும். அம்மா பஞ்சைத் தைலத்தில் தொட்டு, உருட்டி, வலிக்கும் அளவுக்கு அழுத்துவாள். அதன்மேல் ரெட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டிவிடுவாள். மைதானத்து வாசலில் மாமா அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வீட்டுக்குத் திரும்பும்போது மறுபடி வைத்துவிடுவார். மார்கழி முழுவதும் இப்படியே போயிற்று; எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அதற்கான பெருமையை அம்மா பஞ்சுக்குக் கொடுத்தாள். மாமா மறுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே மைதானத்தில் பொங்கல் விளையாட்டுப் போட்டி. வெயிலுக்கு முன்பே சிறுமிகள் ஓட்டம் என்று அறிவித்திருந்தார்கள். ஆற்றிலிருந்து வந்த மூட்டம் இன்னும் கலையவில்லை. தெருவே வந்திருந்தது. மார்கழியெல்லாம் பிள்ளைகளை அரைமனதாக அனுப்பிய அம்மாக்கள், குரங்குக் குல்லாயும் சால்வையுமாக ஒரு பக்கம் நின்றார்கள். இன்று இவர்கள் மனது மாறிவிட்டால் அடுத்த வருடம் இன்னும் நாலு தெருப் பிள்ளைகள் வரும் என்று மாமா என்னிடமே சொல்லியிருந்தார்.

ஆனால் விழாக்காரர்கள் அவரை எல்லைக்கோட்டில் நாடா பிடிக்கக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த அவசரத்தில் அவர் பஞ்சை மறந்துவிட்டார்.

நான் மறக்கவில்லை. இதைத்தான் நான் நெடுநாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். கையை உயர்த்தி எடுத்துப் போட்டிருக்கலாம். என் இரண்டு பக்கமும் வேறு பள்ளிப் பிள்ளைகள், ஒரே நிறத்தில் பளபளவென்று உடை போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பார்க்க, காதிலிருந்து தைலம் மணக்கும் பஞ்சை எப்படி எடுப்பது? சடை மறைக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

மாமா எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: பக்கத்தில் பார்க்காதே, நாடாவைப் பார், விசில் கேட்டால் ஓடு. நான் நாடாவைப் பார்த்தேன். மற்றவர்கள் ஓடினார்கள். விசிலுக்கு முன்பே பாய்ந்துவிட்டார்கள், பாவம், திரும்பக் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். பயிற்சியின்போது எங்களுக்குள் அப்படி அடிக்கடி நடக்கும். எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. குனிந்த நிலை மாறாமல், ஒழுங்கான பிள்ளையாக, விசிலுக்குக் காத்திருந்தேன்.

கூட்டம் சிரித்ததை முதலில் கண்ணால்தான் அறிந்தேன். பிறகு தோளருகே யாரோ குனிந்து கத்தியது பஞ்சைத் தாண்டிக் கேட்டது.

“ஏட்டி, பஸ் வரும்னு நிக்கியா?”

அதற்குள் முதல் பிள்ளை நாடாவைத் தொட்டுவிட்டாள்.

மாமா எதிர்த்திசையில் ஓடி வந்தார். என்முன் மண்டியிட்டு, தேற்றுவதுபோல இரண்டு உள்ளங்கைகளையும் என் கன்னத்தின்மேல் வைத்தார். சடைக்கு அடியில் அவர் விரல்கள் நுழைந்ததையும், திடீரென்று மைதானத்துச் சத்தமெல்லாம் காதுக்குள் கொட்டியதையும் நான் மட்டும்தான் அறிவேன். எழுந்தபோது அவருடைய இரண்டு கைகளும் மூடியிருந்தன.

அம்மா சால்வை சரிய ஓடி வந்தாள். பின்னாலேயே மற்ற அம்மாக்களும்.

“என்னாச்சுலே பிள்ளைக்கு? ஏன் மரம் மாதிரி நிக்கா?”

மாமா அவளைப் பார்த்தார். பிறகு அவள் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். கையை விரித்துக் காட்டியிருந்தால் கார்த்திகையிலிருந்து நடந்த வழக்கில் அந்த நொடியே ஜெயித்திருப்பார்.

“பனிதான் எக்கா. காது அடைச்சிட்டு.”

“பஞ்ச எங்கலே?”

“வந்ததுமே எடுத்துட்டேன். நீ சொன்னதக் கேட்டுருக்கணும்.”

“அன்னைக்கே சொன்னேம்லா! படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா!” அம்மா என்னை இழுத்துச் சால்வைக்குள் மூடிக்கொண்டாள். அழுதாள். அந்த அழுகையில் கொஞ்சம் வெற்றியும் இருந்தது.

பஞ்சு யார் கண்ணிலும் படவில்லை என்பதுதான் அப்போது என் மனதில் இருந்த ஒரே எண்ணம். பஞ்சு வைத்த பிள்ளையாக இருப்பதைவிடக் காது கேளாத பிள்ளையாக இருப்பது எனக்கு எவ்வளவோ மேலாகத் தோன்றியது.

மறுநாள் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, காது சுத்தமாக இருக்கிறது என்றார். அம்மா அந்த டாக்டரை அதோடு விட்டுவிட்டு வேறு டாக்டரைப் பார்த்தாள். சொட்டு மருந்து கிடைத்தது. வீட்டில் மெதுவாகக் கூப்பிட்டால் நானும் கேட்காததுபோலவே இருந்தேன். அதற்குள் செய்தி செல்போனில் தெருத்தெருவாகப் போயிருந்தது: பனியில் ஓடவிட்டு ஒரு பிள்ளைக்குக் காதே போய்விட்டதாம். அந்த வாரம் மைதானத்துக்குப் பாதிப் பிள்ளைகள்தான் போனார்கள். தை முடியும்போது இரண்டு பையன்கள் மிஞ்சினார்கள். பிறகு அவர்களும் வரவில்லை. மாமா எங்கள் வீட்டுக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார். நிறுத்தச் சொன்னது அம்மாதான் என்று பின்னால் தெரிந்தது.

மாமா என் மானத்தைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய்யைச் சொன்னார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்தக் கூட்டத்தின் நடுவே சிரிப்புக்கு ஆளாகவிருந்த இன்னொருத்தி அம்மா என்பதும், அவள் அக்கறையால்தான் பிள்ளை தோற்றது என்பது அவளுக்குத் தெரியவே கூடாது என்று அவர் தீர்மானித்துவிட்டார் என்பதும் எனக்கு அப்போது எட்டவில்லை. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. வகுப்பைத் தவறாகச் சொல்லும்போது திருத்துகிறேன். இதை மட்டும் திருத்துவதில்லை.

மாசியில் ஒரு நாள் காலை. அம்மா முன்னால் நடக்க, நான் பள்ளிக்கூடப் பையுடன் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். மைதானத்தில் யாருமில்லை. மாமா மட்டும் கேட்டைப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மெதுவாகத்தான் கூப்பிட்டார்.

எனக்கு நன்றாகக் கேட்டது. திரும்பினால் காது கேட்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும், மாமாவின் பொய் வெளிப்பட்டுவிடும், அவரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும் என்றெல்லாம் அந்த வயதின் புத்தியால் யோசித்தேன். கேட்காதவள்போல நேரே பார்த்து நடந்தேன்.

அவர் மறுபடி கூப்பிடவில்லை.