ஆட்டைத் தேடி ஸ்ரீரங்கத்துக்கு

என் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவாக இருந்தபோது, பிளாட்பாரத்துக்குப் பின்னால் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. அந்த வரிசையில் எங்களுடையது ஒன்றுதான் கிறிஸ்தவ வீடு. பக்கத்து வீடு ஸ்டேஷன் மாஸ்டருடையது. அவர் மனைவியை நாங்கள் எல்லாருமே மாமி என்றுதான் கூப்பிடுவோம்.

எங்கள் குடும்ப ஜெபத்துக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. சாயங்கால பாசஞ்சர் புறப்பட்டுப் போனதும் வீட்டுக்காரர் கவுண்டரை மூடிவிட்டு வந்து கைகால் கழுவுவார். பாயை விரிப்போம். ஒரு பாட்டு, வேதத்தில் ஓர் அதிகாரம், பிறகு ஆளுக்கொரு ஜெபம். மகள் ஜெபிக்க ஆரம்பித்தால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். சபையின் ஐயர், பள்ளிக்கூட டீச்சர்கள், சீனா, ஆப்பிரிக்கா, காலில் அடிபட்ட போர்ட்டர் என்று ஒருவரையும் விடமாட்டாள். மகனோ, “ஆண்டவரே, நன்றி, ஆமென்” என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்துவிடுவான்.

என் அப்பா கிராமத்துச் சபைகளில் உபதேசியாராக இருந்தவர். வசனத்தில் ஒரு சொல் தப்பினாலும் உள்ளங்கையில் பிரம்பு விழும். சங்கீதங்கள் பல எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். ஆனால் அவற்றைச் சொல்லும்போது கை தானாக மூடிக்கொள்வது கல்யாணத்துக்குப் பிறகும் நிற்கவில்லை. என் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். பிரம்புக்குப் பதிலாக நான் பிடித்துக்கொண்டது கடலை மிட்டாய். ஒரு வசனத்துக்கு ஒரு மிட்டாய். மகள் மளமளவென்று சொல்லி வாங்கித் தின்றாள். மகன் மிட்டாயைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பான். பிறகு அதைப் பாட்டிலிலேயே போட்டுவிட்டு வெளியே ஓடிவிடுவான்.

வாய் இல்லாத பிள்ளை அல்ல அவன். வீட்டுக்குள் போர்ட்டர்களைப் போலப் பேசிக் காட்டுவான், எஞ்சின் மூச்சுவிடுவதைச் செய்து காட்டுவான். நாலு பேர் முன்னால் நிறுத்தினால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஓய்வுநாள் பள்ளியின் ஆண்டு விழாவில் மேடையேற்றினோம். கூட்டத்தைப் பார்த்தவன் அப்படியே ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான். விழா முடிந்த பிறகுதான் வெளியே வந்தான்.

ஒவ்வொரு மே மாதமும் புத்தூரில் எங்கள் சபையில் பத்து நாள் விடுமுறை வேதப்பள்ளி நடக்கும். காலையில் பழைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் பஸ் ஏறுவோம். பாலத்தில் போகும்போது கீழே காவிரி முழுக்க மணலாகக் கிடக்கும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்துப் புத்தூர். நான் அங்கே சின்னக் குழந்தைகளின் வகுப்புக்கு டீச்சர். எனக்குச் சுமாராகத்தான் பாட வரும், ஆனாலும் கைகாலை ஆட்டிப் பாடுவதில் குறை வைக்கமாட்டேன். மகளுக்கு இந்தப் பத்து நாள்தான் வருஷத்திலேயே பெரிய திருவிழா. மூன்று வருஷம் ஒரு நாள்கூட விடாமல் வந்தவர்களுக்குத் தோல் அட்டை போட்ட வேதாகமம் ஒன்று பரிசாகக் கொடுப்பார்கள். அவளுக்கு அது மூன்றாவது வருஷம். அந்தப் புத்தகத்தை வைக்க அலமாரியில் இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தாள்.

வேதப்பள்ளியை நடத்தியவர் ஒரு டிராயிங் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாதவர், கையில் எப்போதும் கறுப்புக் குடை, சந்தைக்கடையில் நின்று பேசினாலும் கேட்கும் குரல். அந்த வருஷம் கடைசி நாளுக்கு, நூறு ஆடுகளில் காணாமற்போன ஒன்றை மேய்ப்பன் தேடிப்போகும் வேதக் கதையை நாடகமாகப் போடுவது என்று அவர் தீர்மானித்தார். யார் யாருக்கு என்ன வேஷம் என்று கேட்டபோது என் மகன் எழுந்து நின்றான். எனக்கே நம்ப முடியவில்லை.

“ஆட்டுக்கு என்ன பேச்சு டீச்சர்?” என்று கேட்டான்.

“ஆட்டுக்கு ஏதுடா பேச்சு? மேன்னு கத்தணும், அவ்வளவுதான்.”

“அப்ப நான் ஆடு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

மேய்ப்பனாகத் தென்னூரிலிருந்து வரும் பெரிய பையன் ஒருவனைப் போட்டார்கள். என் மகன் தன் வேலையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்ஸ் ஷெட் பக்கம் மேய வரும் ஆடுகளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, பசித்த ஆடு எப்படிக் கத்துகிறது, குட்டியைத் தொலைத்த ஆடு எப்படிக் கத்துகிறது என்று பாடம் கேட்டான். குவார்ட்டர்ஸுக்குள் ஆட்டை யார் விட்டது என்று மாமி இரண்டு தடவை மதில் மேல் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

ஏழாம் நாள் காலை அவன் உடம்பு கொதித்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் வயிற்றில் நீர் கோத்த முத்துக்கள். சின்னம்மை. வீட்டுக்காரர் டவுன் ஸ்டேஷனுக்குப் போகும் ரயில் கார்டு ஒருவரிடம் டீச்சருக்குச் சீட்டு கொடுத்தனுப்பினார். அம்மை வந்த வீட்டிலிருந்து யாரும் பிள்ளைகள் கூடும் இடத்துக்குப் போகக்கூடாது அல்லவா? மகளையும் நிறுத்தவேண்டியதாயிற்று. அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அழுகையை நிறுத்தினாள். கூடவே தம்பியோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

மாமி ஒரு கட்டு வேப்பிலையை மதிலுக்கு மேலாக நீட்டினார். வாசலில் அதைச் செருக எனக்குத் தயக்கம். சபையார் பார்த்தால் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டோம் என்று நினைக்கமாட்டார்களா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். வேப்பமரத்தையும் படைத்தது ஆண்டவர்தானே என்று சொல்லி அவரே செருகினார். அன்று மத்தியானம் ஐயர் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போவார் என்று நான் மாமியிடம் சொல்லிவைக்க, எந்தத் தெரு ஐயர் என்று அவர் கேட்டார். வெள்ளை அங்கியோடு சைக்கிளில் வந்து இறங்கிய எங்கள் போதகரைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. மாமி உள்ளே போய் வெகு நேரம் சிரித்தது மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்டது.

சாயங்கால ஜெபத்தில் மகள் வழக்கம்போல எல்லாருக்காகவும் வேண்டிக்கொண்டாள். சீனா வந்தது, ஆப்பிரிக்கா வந்தது, போர்ட்டரின் கால் வந்தது. அடுத்த அறையில் காய்ச்சலில் கிடந்த தம்பி மட்டும் வரவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டுத் தடுத்துவிட்டார்.

மறுநாள் அரிசி களையும்போது அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, தம்பியை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டேன்.

“ஜெபம் பண்ணச் சொன்னா பண்றேம்மா” என்றாள். “ஆனா அது பொய்யா இருக்கும். அவன் மேல எனக்கு ரொம்பக் கோவம்.”

என் அப்பாவிடம் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என் கை களைந்த அரிசிக்குள்ளேயே இருந்தது.

“பொய்யா வேணாம்” என்றேன். “உண்மையா வரும்போது பண்ணு. அதுவரைக்கும் கோவமா இருக்கேன்னு ஆண்டவர்கிட்டயே சொல்லு.”

சொல்லிவிட்டேனே தவிர, சொன்னது சரியா என்று நாள் முழுவதும் எனக்குக் குழப்பம்தான். வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, “எனக்கும் தெரியலை. ஆனா பிரம்பை விட நல்லாத்தான் இருக்கு, உன் மிட்டாயை விடவும் நல்லா இருக்கு” என்றார். மிட்டாயையும் சேர்த்துச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்ததில் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் டிராயிங் டீச்சர் வந்து வேலிக்கு வெளியே நின்றார். உள்ளே வரமாட்டேன், தனக்கு அம்மை வந்ததில்லை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்.

“வேற ஒரு பையனை ஆடாப் போட்டுக்கலாம்னு பசங்ககிட்டச் சொன்னேங்க” என்றார். “அந்தத் தென்னூர்ப் பையன் சொல்றான், டீச்சர், கதையில அந்த மேய்ப்பன் வேற ஆடு வாங்கிக்கலையே, தேடித்தானே போனான்னு. நம்ம ஆடு ஸ்ரீரங்கத்துல இருக்குன்னுதான் தெரியுமேங்கிறான். இத்தனை நாளா அந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். இதுக்கு மேல நான் என்னங்க சொல்றது? நாளைக்குக் காலைல வரோம்.”

ஏற்கெனவே அம்மை வந்து போனவர்கள் மட்டும்தான் வரலாம் என்று அவர் சட்டம் போட்டிருந்தார். பிள்ளைகள் முழங்கையையும் முதுகையும் திருப்பித் திருப்பித் தழும்பைக் காட்டி இடம் பிடித்தார்களாம். தழும்பு இல்லாத ஒரு பெண், தனக்கு உள்ளுக்குள்ளேயே வந்து போய்விட்டது என்று வாதாடிப் பார்த்தாளாம். டீச்சரிடம் அது செல்லவில்லை.

மறுநாள் காலை ரயிலில் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். காவிரிப் பாலத்தை ரயிலில் கடந்ததிலேயே பாதிப் பேருக்கு நாடகம் மறந்துபோயிருக்கும். வீட்டுக்காரர் கேட்டில் நின்று, யாரையும் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு டிக்கெட்டாக வாங்கினார். எங்கள் ஜன்னல் பிளாட்பாரத்தைப் பார்த்து இருந்தது. மகனை ஜன்னலோரம் தலையணை வைத்து உட்காரவைத்தேன். முகமெல்லாம் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசியிருந்தது. டீச்சர் மட்டும் வேலியோரமாகத் தூரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டை யார் எடுத்துக் கொடுப்பது என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் வாசற்படியில் நின்றிருந்த என் மகளைப் பார்த்துக் கையசைத்தார். மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள், வாயைத் திறந்து முதல் அடியைப் பாடினாள்.

மேய்ப்பன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தேட ஆரம்பித்தான். தண்ணீர்க் குழாயடியில் பார்த்தான், பார்சல் மூட்டைகளுக்குப் பின்னால் பார்த்தான். எதிரே வந்த போர்ட்டரிடம், “என் ஆட்டைப் பாத்தீங்களா?” என்று கேட்டான். நாடகம் என்று தெரியாத போர்ட்டர் ரொம்பப் பொறுப்பாக, கூட்ஸ் ஷெட் பக்கம் ஒன்று நிற்கிறது, ஓடிப் போய்ப் பிடி என்றார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மாமியும் ஸ்டேஷன் மாஸ்டரும் வெளியே வந்துவிட்டார்கள்.

அப்போது ஜன்னலிலிருந்து, “மே” என்று ஒரு குரல். குட்டியைத் தொலைத்த ஆட்டின் குரல் அது. மேய்ப்பன் ஓடி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தான். இனி அவன் திரும்பி நின்று ஊராரைக் கூப்பிடவேண்டும். ஆனால் மஞ்சள் பூசிய அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு வசனமும் போய்விட்டது. எல்லாரும் காத்திருந்தோம். டீச்சர் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார்.

அதற்குள் ஆடே எழுந்து முழங்காலில் நின்றது.

“ஊர்க்காரங்களே, எல்லாரும் வாங்க” என்றான் என் மகன், பிளாட்பாரத்தின் கடைசி வரை கேட்கும்படி. “காணாமப் போன ஆடு கிடைச்சிருச்சு. எல்லாரும் சேர்ந்து சந்தோஷமா இருக்கலாம்.”

அதோடு நிறுத்தவில்லை. ஊர்க்காரர்கள் சொல்லவேண்டியதையும் அவனே சொன்னான், மேய்ப்பனின் பதிலையும் அவனே சொன்னான். நாடகம் முழுவதும், எல்லாருடைய பேச்சும், அவனுக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் தன் வேஷம் ஞாபகம் வந்து இன்னொரு தடவை “மே” என்று கத்திவிட்டு உட்கார்ந்தான். நான் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்த விசிறி எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. ஏழு வருஷமாக இவன் காதில் எதுவும் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

மாமி ஒரு பெரிய பாத்திரத்தில் நீர்மோர் கரைத்து மதில் மேல் வைத்தார். டம்ளர்கள் எங்கள் வீட்டிலிருந்து, மோர் அவர்கள் வீட்டிலிருந்து. அந்தக் காலத்து ஸ்ரீரங்கத்தில் அதுவே பெரிய விஷயம். பிள்ளைகள் குடித்துவிட்டு அடுத்த ரயிலில் கிளம்பிப் போனார்கள். நானும் மகளும் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது மாமி ஒரு சந்தேகம் கேட்டார்.

“கதை நன்னாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணைத் தேடிண்டு அவன் போயிட்டானே, மத்த ஆடெல்லாம் என்ன பண்ணித்து? யார் பாத்துண்டா?”

எத்தனையோ தடவை அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. மகள் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“முதல்ல கோவம் வந்திருக்கும் மாமி” என்றாள். “அப்புறம் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டிருக்கும்.”

அன்று சாயங்காலம் ஜெபத்தில் தம்பியின் பெயர்தான் முதலில் வந்தது. தோல் அட்டை வேதாகமம் அந்த வருஷம் அவளுக்குக் கிடைக்கவில்லை. சட்டம் சட்டம்தான், டீச்சர் அதில் விட்டுக்கொடுக்கிறவர் அல்ல. இரண்டு வாரம் கழித்து அவளுக்கும் அம்மை வந்தது. தம்பியை விடத் தனக்கு முத்துக்கள் அதிகம் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அடுத்த மே மாதம், கடலில் பெரிய மீன் விழுங்கிய யோனாவின் கதையை நாடகமாகப் போட்டார்கள். ஒரு வார்த்தைகூடப் பேசத் தேவையில்லாத மீன் வேஷத்தை டீச்சர் என் மகனுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். அவன் அது வேண்டாம் என்றுவிட்டான். புயலில் எல்லாரையும் அதட்டிக் கத்துகிற கப்பல்காரன் ஒருவன் வருவானே, அவனாக வரலாமா என்று கேட்டான்.