பக்கத்து நாற்காலியில் ஒரு ஷூ

ஆம்பூரில் சிறுதொழில் செய்பவர்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள். ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொண்டு ஆர்டர் பிடிக்கலாம். அங்கே மேடையேறி யோசனை சொல்லப் போகிறவர்களில் நானும் ஒருவன்.

அங்கேதான் ஷூ தைக்கும் ஒருவரைப் பார்ப்பேன். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, நகக்கண்ணில் பசைக் கறை. தான் தைத்த சாம்பிள் ஷூவைப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொள்வார். சாம்பிளுக்கு இடதுகால் ஷூ ஒன்று தைத்தால் போதும்.

யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று எல்லோரும் வேறு பக்கம் போவார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேன்.

“யாருக்கு சார் சீட்டு புடிச்சு வெச்சிருக்கீங்க?”

“யாருக்கும் இல்ல சார். ஷூவைப் பாத்தா, இது இன்னா ரேட்டுன்னு கேட்டுட்டு யாராவது உக்காருவாங்கன்னு வெச்சேன். ஆறு மாசமா ஒருத்தரும் வரல.”

“அதை எடுத்தாதான் சார் உக்காருவாங்க.”

அவர் பதறிப்போய் ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தார். “உக்காருங்க சார்.”

அதற்குள் என்னை மேடைக்கு அழைத்துவிட்டார்கள். தொழிலில் நட்பு வளர்ப்பது எப்படி என்று அரை மணி நேரம் பேசினேன். அவர் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். துடைத்த நாற்காலி காலியாகவே இருந்தது.

பேசி முடித்து இறங்கியதும், முன்வரிசையில் எனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.